கட்டம் போட்ட நோட்டில் வராத கேள்வி: பி.எட். பேராசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பேராசிரியர்களுக்கு,

வணக்கம். நான் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் 22 ஆண்டுகளாகக் கணக்குப் பாடம் எடுக்கிறேன். உங்கள் மாணவர்கள் இன்டர்ன்ஷிப்புக்காக ஆண்டுதோறும் எங்கள் பள்ளிக்கு வருகிறார்கள். மற்ற ரெக்கார்டுகளோடு, வகுப்பில் நடந்ததைத் திரும்பிப் பார்த்து அவர்கள் எழுதும் ரிஃப்ளெக்டிவ் ஜர்னல் என்ற நோட்டிலும் வழிகாட்டி ஆசிரியர் என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போடுகிறேன். அந்த ஜர்னலைப் பற்றித்தான் இந்த மடல்.

போன ஆண்டு வந்த பயிற்சி ஆசிரியை ஒருவர் ஏழாம் வகுப்பில் முழுக்களின் கழித்தல் நடத்திக்கொண்டிருந்தார். நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கரும்பலகையில் −3 − (−5) = 2 என்று எழுதினார். ஒரு பெண் எழுந்து, "மிஸ், கழிச்சா குறையணும்ல? இது எப்படிக் கூடிப்போச்சு?" என்று கேட்டாள். அந்தப் பயிற்சி ஆசிரியை சில நொடிகள் அப்படியே நின்றார். அப்புறம் கணக்கை அழித்துவிட்டு, "மைனஸும் மைனஸும் சேர்ந்தா கூட்டல். ரூல் அப்படி, எழுதிக்கோங்க" என்றார். பிள்ளைகளும் எழுதிக்கொண்டார்கள்.

மாலையில் ஜர்னல் என் மேசைக்கு வந்தது. அன்றைய பக்கத்தில், "மாணவர்கள் ஆர்வத்துடன் பங்கேற்றனர். கற்றல் விளைவு எட்டப்பட்டது. அடுத்த வகுப்பில் கூடுதல் துணைக்கருவிகள் பயன்படுத்துவேன்" என்று இருந்தது. அந்தப் பெண்ணின் கேள்வி மட்டும் எங்கேயும் இல்லை. "அது ஏன் இதில் இல்லைம்மா?" என்று கேட்டேன். "அதை எழுதினா, சரியா பிரிப்பேர் பண்ணலைன்னு இன்டர்னல் மார்க்கைக் குறைச்சிடுவாங்க டீச்சர்" என்றார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த வயதில் நானாக இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

அன்று வகுப்பில் நடந்தவற்றில் மிகவும் மதிப்புள்ளது அந்தக் கேள்விதான். கழித்தால் குறையும் என்று ஐந்து வருடம் நாம்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். குறை எண்கள் வந்ததும் அது நிற்காது என்பதை அந்தப் பெண் ஒரே வரியில் பிடித்துவிட்டாள். மார்க் போடும் நோட்டு என்பதால் அது காகிதத்துக்கே வராமல் போனது.

நானும் நோட்டு எழுதுகிறேன். யாரும் எழுதச் சொல்லவில்லை. பாடக்குறிப்பு எழுதும் நோட்டின் பின்பக்கத்திலிருந்து தொடங்கியது, இப்போது தனி நோட்டாகிவிட்டது. ஆரம்ப ஆண்டுகளில் எழுதியதை இப்போது படித்தால் வருத்தமாக இருக்கிறது. ஆறாம் வகுப்புப் பின்னங்கள் நடத்திய ஒரு ஜனவரி நாளில், "பாதி வகுப்பு 1/2 + 1/3 = 2/5 என்று போட்டிருக்கிறது. கவனமில்லை. மறுபடி நடத்த வேண்டும்" என்று எழுதியிருக்கிறேன். அடுத்த ஆண்டு அதே பாடத்துக்கு முன்னால் நோட்டைப் புரட்டியபோதுதான் இந்தப் பக்கம் கண்ணில் பட்டது. நடத்தினேன். அந்த ஆண்டுப் பிள்ளைகளும் அதே 2/5 போட்டார்கள். இரண்டு ஆண்டு, இரண்டு வகுப்பு, ஒரே விடை. அப்படியானால் அதற்குப் பெயர் கவனமின்மை இல்லையே.

அந்த முறை திட்டாமல் ஒரு பையனிடம், "எப்படிப் போட்டே, சொல்லு" என்று கேட்டேன். "ரெண்டு பால்ல ஒரு சிக்ஸ் அடிச்சேன், அடுத்த மூணு பால்ல ஒரு சிக்ஸ் அடிச்சேன். மொத்தம் அஞ்சு பால்ல ரெண்டு சிக்ஸ்தான மிஸ்?" என்றான். அவன் சொல்வது சரிதான். கிரிக்கெட்டில் அப்படித்தான் கூட்டுவார்கள். அங்கே முழுமையும், அதாவது மொத்தப் பந்துகளும், சேர்ந்து கூடுகிறது; பின்னக் கூட்டலில் முழுமை ஒன்றுதான், மாறாது. இந்த வித்தியாசத்தை நான் ஒருநாளும் வகுப்பில் சொன்னதில்லை. அதைச் சொல்ல வேண்டும் என்றே எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

அன்றிரவு அவன் சொன்னதைச் சொன்னபடியே எழுதிவைத்தேன். இரண்டு நாள் கழித்து, மறுபடி படித்தபோது ஒரு வழி தோன்றியது. மறுநாள் வகுப்பில், "அரைக் கிலோ தக்காளி, கால் கிலோ கத்திரிக்காய். பையில் எவ்வளவு?" என்றேன். "முக்கால் கிலோ" என்று வகுப்பே கத்தியது. கடைக்குப் போய்வரும் பிள்ளைகள், அரை, கால், முக்கால் எல்லாம் அவர்கள் வாயிலேயே இருக்கிறது. "சரி, உங்க முறையில் போடுங்க" என்றேன். 1/2 + 1/4 = 2/6 என்று வந்தது. அரை என்பது 3/6. தக்காளி மட்டும் இருந்தபோது 3/6 கிலோ, கத்திரிக்காயும் போட்ட பிறகு 2/6 கிலோ. வகுப்பு அமைதியானது. "காய் போட்டா பை எப்படி மிஸ் லேசாகும்?" என்று அந்தப் பையனே கேட்டான். அதற்குப் பிறகு பகுதியைச் சமமாக்குவது ஏன் என்று நான் அதிகம் பேச வேண்டியிருக்கவில்லை.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. "கவனமில்லை" என்று எழுதிய என் தீர்ப்பு எனக்கு ஒன்றும் கற்றுத்தரவில்லை. பிள்ளைகள் போட்ட விடையையும் சொன்ன சொல்லையும் அப்படியே எழுதியதுதான் கற்றுத்தந்தது. இரண்டும் ஒரே நோட்டு, ஒரே கை. என் தீர்ப்பை எழுதினால் அது அங்கேயே முடிந்துவிடுகிறது. நடந்ததை எழுதினால், அதன் பொருள் பிறகு, சில சமயம் ஒரு வருடம் கழித்துத் தெரிகிறது.

நீங்கள் வகுப்பில் நடத்தும் பெயர்கள் எனக்கும் தெரியும். தொழில் செய்பவர்கள் எப்படி யோசிக்கிறார்கள் என்று ஆராய்ந்த டொனால்டு ஷோன் 1983இல் எழுதியபோது, தொழிலில் உண்மையான சிக்கல்கள் புத்தக விதிகள் செல்லுபடியாகும் மேட்டு நிலத்தில் இல்லை, சேற்று நிலத்தில்தான் கிடக்கின்றன என்றார். அனுபவத்தைத் திரும்பிப் பார்க்க கிரஹாம் கிப்ஸ் 1988இல் தந்த சுழற்சியில் ஆறு படிகள்: நடந்தது, உணர்ந்தது, மதிப்பீடு, பகுப்பாய்வு, முடிவு, அடுத்த திட்டம். இரண்டின் மீதும் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அந்த ஆறு படிகளும் ஆறு கட்டங்களாக அச்சடிக்கப்பட்டு, கட்டத்துக்கு மூன்று வரி என்று எங்கள் பள்ளிக்கு வருகின்றன. மூன்று வரிக்குள் "நடந்தது" எப்படி அடங்கும்? அந்தக் கட்டத்துக்குத்தான் முழுப் பக்கம் வேண்டும். பயிற்சி ஆசிரியர்கள் அதை அவசரமாகக் கடந்து, "அடுத்த திட்டம்" கட்டத்தில் துணைக்கருவி என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். நான்கு பேர் வந்தால் நான்கு நோட்டிலும் அதே சொல்.

தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் (என்சிடிஇ) 2014 விதிமுறைகளின்படி பி.எட். இரண்டு ஆண்டாகி, பள்ளிப் பயிற்சியும் 20 வாரமானபோது நான் மிகவும் மகிழ்ந்தேன். என் காலத்தில் இவ்வளவு நாள் பள்ளியில் இருந்ததில்லை. 20 வாரம் என்பது ஒரு வகுப்பை உண்மையாகவே அறிந்துகொள்ளப் போதுமான நேரம். அந்த நேரம் ரெக்கார்டு எழுதுவதில் கரைவதைப் பார்க்கும்போது மனசு பொறுக்கவில்லை.

எனவே உங்களிடம் கேட்கிறேன். ஜர்னலில் என்ன எழுதியிருக்கிறது என்பதற்கு மார்க் போடாதீர்கள். எழுதினார்களா என்று மட்டும் பாருங்கள், போதும். தினமும் எழுதச் சொல்ல வேண்டாம். வாரத்துக்கு ஒரே ஒரு சம்பவம், பிள்ளை சொன்ன சொல்லோடு, கணக்கானால் பிள்ளை போட்ட தப்பு விடையோடு எழுதட்டும். நீங்கள் படிக்கும்போது "நன்று" என்று எழுதுவதற்குப் பதில் ஓரத்தில் ஒரு கேள்வி எழுதுங்கள். "அந்தப் பெண் ஏன் அப்படிக் கேட்டிருப்பாள்?" என்று ஒரு வரி சிவப்பு மையில் இருந்திருந்தால், எங்கள் பள்ளிக்கு வந்த அந்தப் பயிற்சி ஆசிரியை ஒரு வாரம் அதையே யோசித்திருப்பார்.

இன்னொன்று, இது கொஞ்சம் கனமானது. உண்மையாக எழுத ஆரம்பித்தால் பிள்ளைகளின் வீடும் நோட்டுக்குள் வரும். அப்பா குடித்துவிட்டு வந்த இரவுக்கு அடுத்த நாள் தூங்கிப்போகும் பிள்ளை, சாப்பிடாமல் வரும் பிள்ளை. அப்படிப்பட்ட பக்கத்தைச் செய்முறைத் தேர்வு அன்று வெளித் தேர்வாளர் மேசையில் விரித்துவைப்பது தவறு. என் நோட்டில் பிள்ளைகளின் பெயர் இருக்காது, எனக்கு மட்டும் புரியும் ஓர் எழுத்து இருக்கும். உங்கள் மாணவர்களுக்கும் இதை முதல் நாளே சொல்லிக்கொடுங்கள்.

தேர்வு முடிந்ததும் நோட்டை அவர்களிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கட்டுக் கட்டாகக் கட்டி அறையில் போட்டுவிடுகிறார்கள் என்று போன ஆண்டு வந்தவர்கள் சொன்னார்கள். 2/5 வெறும் கவனமின்மை இல்லை என்று எனக்குக் காட்டியது ஒரு வருடம் பழைய பக்கம். வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டில், முழுக்கள் நடத்தும் முந்தின இரவு, அந்தப் பயிற்சி ஆசிரியையின் கையில் அந்த நோட்டு இருக்க வேண்டாமா?

முடிந்தால் நீங்களும் எழுதுங்கள். உங்கள் வகுப்பில் சொதப்பிய ஒரு மணி நேரத்தை எழுதி மாணவர்களிடம் வாசித்துக் காட்டுங்கள். என் தக்காளிக் கதையை நான் பயிற்சி ஆசிரியர்களிடம் சொன்ன மாலைதான், அந்தப் பயிற்சி ஆசிரியை தன் ஜர்னலை விட்டுவிட்டு ஒரு வெள்ளைத் தாள் கேட்டார். அதில் முதல் வரியாக அந்தப் பெண்ணின் கேள்வியை எழுதினார். மறுநாள் பத்து ரூபாய்க் கடன் சீட்டுகள் செய்துகொண்டு வகுப்புக்குப் போனார். கடனைக் கழித்தால் கையிருப்பு கூடும் என்பதை அந்தப் பெண்ணே மற்றவர்களுக்குச் சொன்னாள்.

அந்தத் தாள் இன்னும் என் நோட்டுக்குள்தான் இருக்கிறது. ஜர்னலில் ஒட்டட்டுமா என்று கேட்டார், பிறகு வேண்டாம் என்று என்னிடமே கொடுத்துவிட்டுப் போனார். இந்த ஆண்டு மாணவர்களைப் பார்வையிட எங்கள் பள்ளிக்கு வரும்போது ஒரு பத்து நிமிடம் கூடுதலாக ஒதுக்குங்கள். அதைக் காட்டுகிறேன்.

அன்புடன்,
ஒரு கணித ஆசிரியை,
அரசு நடுநிலைப் பள்ளி