‘சுரக்கிறது’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடாதீர்கள்

இளநிலை நுண்ணுயிரியல் பாடநூல் எழுதும் ஆசிரியர் குழுவினருக்கு,

வணக்கம். கல்லூரி ஆய்வகத்தில் இருபது ஆண்டுக்கு மேலாகச் செய்முறை வகுப்பு எடுப்பவன் நான். புதிய பதிப்பு எழுதத் தொடங்கியிருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். ஒரே ஒரு சொல்லைப் பற்றிப் பேசத்தான் இந்த மடல்.

“காலரா கிருமி குடலில் நச்சைச் சுரக்கிறது.” நான் படித்த நூலில் இருந்த வரி இது. இன்றைக்கும் என் மாணவர்களின் விடைத்தாளில் இதே வரிதான். இலக்கணப்படி குற்றமில்லை. ஆனால் சுரப்பது என்றதும் நமக்கு என்ன நினைவு வருகிறது? கன்று முட்டினால் மடி சுரக்கும், ஆற்று மணலைத் தோண்டினால் ஊற்று சுரக்கும். தானாகக் கசிந்து வரும் என்ற நினைப்பு அந்தச் சொல்லோடு ஒட்டிக்கொண்டே வருகிறது. போன வருடம் ஒரு மாணவி கேட்டாள்: “சார், உள்ளே செஞ்ச புரதம் எப்படி சார் வெளியே போச்சு? ரெண்டு சவ்வு இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க?” அவள் கையில் இருந்த பாடநூலில் அதற்குப் பதில் இல்லை.

அந்தக் கேள்வியின் கனத்தைப் பாருங்கள். கிராம் சாயமிட்டால் இளஞ்சிவப்பாகத் தெரியும் பாக்டீரியாக்களுக்கு, காலரா கிருமியும் அவற்றில் ஒன்றுதான், உட்சவ்வு, வெளிச்சவ்வு என்று இரண்டு அடுக்கு. நடுவே பெரிப்பிளாசம் என்ற இடைவெளி. வெளிச்சவ்வில் போரின் என்ற துளைகள் உண்டுதான். ஆனால் அவற்றில் ஏறக்குறைய 600 டால்டன் (மூலக்கூறு எடையின் அலகு) வரையுள்ள சின்ன மூலக்கூறுகளே நுழையும். காலரா நச்சின் எடையோ ஏறத்தாழ 85,000 டால்டன். பெரிய வாசல் ஒன்றைத் திறந்து வைத்தால் இடைவெளியில் உள்ள சரக்கெல்லாம் கொட்டிப்போகும். போதாக்குறைக்கு, அந்த இடைவெளியில் செல்லுக்குச் சக்தி தரும் மூலக்கூறான ஏடிபி கிடையாது. வெளிக்கதவைத் தள்ள வேண்டிய இடத்தில் தள்ளுவதற்கான சக்தி இல்லை.

கிருமி இதற்குக் கண்டிருக்கும் வழியைத்தான் பாடமாக எழுத வேண்டும் என்கிறேன். நச்சின் துண்டுகள் முதலில் மடியாத இழையாக, ஊசிக்காதில் நூல் கோப்பது போல, உட்சவ்வில் உள்ள செக் வாயில் வழியாக இடைவெளிக்கு வருகின்றன. முன்னால் ஒட்டியிருந்த முகவரிச் சீட்டு அங்கே வெட்டப்படுகிறது. (புரதங்களுக்கு இப்படி ஒரு சீட்டு உண்டு என்று கண்டதற்குத்தான் குந்தர் பிளோபெலுக்கு 1999இல் நோபல் கிடைத்தது.) பிறகு இடைவெளியிலேயே இழைகள் மடிகின்றன, கந்தகப் பிணைப்புகள் விழுகின்றன, ஐந்து பி துண்டுகள் வளையமாகக் கூடி ஒரு ஏ துண்டைத் தாங்கிக்கொள்கின்றன. நூலாக உள்ளே வந்தது, கட்டி முடித்த மாலையாக வெளியே போக வேண்டும். அதற்குத்தான் இரண்டாம் வகைச் சுரப்பமைப்பு. வெளிச்சவ்வில் ஒரே புரதத்தின் 15 பிரதிகள் கூடிய அகன்ற குழாய் ஒன்று இருக்கிறது. சும்மா இருக்கும்போது அதன் உட்கதவு மூடியே இருக்கும். ஏடிபியைச் செலவழிக்கும் மோட்டார் உட்சவ்வுக்கு உட்புறம் உட்கார்ந்திருக்கிறது. நடுவில் புரதத்தாலான ஒரு தண்டு வளர்ந்து நச்சை வெளியே தள்ளுகிறது என்பதே இன்று பலரும் ஏற்கும் விளக்கம். அடிபம்பு அடித்த பிள்ளைகளுக்கு இது உடனே புரியும்: கைப்பிடி ஓரிடம், தண்ணீர் ஏறுவது வேறிடம்.

இந்த அமைப்புக்கான மரபணுக்களில் ஒன்றைக் கெடுத்துவிட்டால் கிருமி நச்சைச் செய்துகொண்டேதான் இருக்கும். ஆனால் அது இடைவெளியில் தேங்கி நின்றுவிடும். செய்வது வேறு, வெளியே அனுப்புவது வேறு என்பதற்கு இதைவிட நல்ல சான்று எங்கே கிடைக்கும்?

அப்புறம், காலரா நச்சைக் கண்டுபிடித்த கல்கத்தா ஆய்வாளர் சம்பு நாத் டே. அவர் பெயர் இல்லாமல் இந்தப் பாடத்தை எழுதாதீர்கள். ஜெர்மன் மருத்துவர் ராபர்ட் கோக் 1884இல் கல்கத்தாவில் காலரா கிருமியை அடையாளம் கண்டார், நச்சு ஒன்று இருக்க வேண்டும் என்றும் ஊகித்தார். ஆனால் அது பிடிபடவில்லை. கிருமி செத்து உடையும்போது வெளிப்படும் பொருள்தான் நோய்க்குக் காரணம் என்று நெடுங்காலம் பலர் நம்பினார்கள். அந்தப் பொருளோ வெளிச்சவ்வின் பாகம்தான். கோக் வந்துபோன அதே கல்கத்தாவில் டே, கிருமி வளர்ந்த திரவத்தை வடிகட்டி, கிருமியே இல்லாத வடிநீரை முயலின் கட்டிய குடல்துண்டுக்குள் செலுத்தினார். குடல் நீர் கோத்து வீங்கியது. 1959இல் நேச்சர் இதழில் வந்தது அந்தக் கட்டுரை. சுவரிலேயே எல்லோரும் தேடிக்கொண்டிருந்த நஞ்சு சுவரைத் தாண்டிப் போயிருந்தது. அவருடைய வடிநீரில் நச்சு இருந்ததற்குக் காரணமே நான் மேலே சொன்ன இயந்திரம்தான், அன்றைக்கு அது யாருக்கும் தெரியாது என்றாலும். நோபல் பெற்ற நுண்ணுயிரியலாளர் ஜோஷுவா லெடர்பெர்க் ஒன்றுக்கு மேற்பட்ட முறை டேயை நோபலுக்குப் பரிந்துரைத்தார், கிடைக்கவில்லை. 1985இல் டே காலமானார். நம் பாடநூலில் அரைப் பக்கமாவது கொடுக்கலாம்.

நீங்கள் என்ன செய்வீர்கள் என்று எனக்குத் தெரியும். ஒன்று முதல் ஏழு வரை சுரப்பமைப்புகளை அட்டவணையாகப் போடுவீர்கள், பிள்ளைகள் ஐந்து மதிப்பெண்ணுக்கு மனப்பாடம் செய்வார்கள். வேண்டாம். முதல் வகை இரண்டு சவ்வையும் ஒரே எட்டில் தாண்டுகிறது, சால்மொனெல்லாவின் மூன்றாம் வகை ஊசி போல நம் செல்லுக்குள்ளேயே குத்துகிறது, காலரா கிருமியே ஆறாம் வகையை வைத்துப் பக்கத்துக் கிருமியைக் குத்துகிறது என்று ஒரு பத்தி போதும். ஏழாவது காசநோய்க் கிருமியின் கூட்டத்தில் கண்டது. அதன் வெளிச்சவ்வின் கட்டுமானமே வேறு. அதையும் இதே அட்டவணையில் அடைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஒன்றை முழுதாகப் புரிந்துகொண்டவர்கள் மற்றதைத் தேவைப்படும்போது படித்துக்கொள்வார்கள்.

‘சுரத்தல்’ என்ற சொல்லை மாற்றச் சொல்லவில்லை. அது பழகிவிட்டது, இருக்கட்டும். படத்தை மட்டும் மாற்றுங்கள். இப்போது புழக்கத்தில் உள்ள படங்களில் இரண்டு சவ்வும் ஒட்டி வரைந்த இரட்டைக்கோடாக இருக்கின்றன, நச்சைக் காட்டும் அம்பு இரண்டையும் ஒரே கோடாகத் துளைத்துப் போகிறது. அந்த அம்பை இடைவெளியில் நிறுத்தி, நச்சை அங்கே மடித்து, அங்கிருந்து இன்னொரு அம்பு போடுங்கள். இடைவெளியையும் கொஞ்சம் அகலமாகவே வரையுங்கள். பென்சிலால் குறிப்பெழுத எங்கள் பிள்ளைகளுக்கு இடம் வேண்டும்.

அன்புடன்,
ஒரு செய்முறை வகுப்பு ஆசிரியர்