கூடங்குளம் சுற்றுவட்டாரத்துக்கு ஊர்வாரி நோய்ப் பதிவேடு கோரும் மனு

அனுப்புநர்:
கூடங்குளம், இடிந்தகரை, வைராவிக்கிணறு ஊர்ப் பொதுமக்கள், இராதாபுரம் வட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள், திருநெல்வேலி.

பொருள்: அணுமின் நிலையத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் நிரந்தர நோய்ப் பதிவேடு தொடங்குதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

கூடங்குளத்தில் தலா 1000 மெகாவாட் உலைகள் இரண்டு 2014 டிசம்பரிலும் 2017 மார்ச்சிலும் வணிக உற்பத்தியைத் தொடங்கின. மேலும் 4 உலைகள் எழுகின்றன. மீனிலும் குடிநீரிலும் கதிர்வீச்சை அளப்பது ஒரு வேலை. ஊரில் யாருக்கு என்ன நோய் என்று எண்ணுவது வேறு வேலை. இரண்டாவதைத்தான் கேட்கிறோம்.

ஒருநாள் மருத்துவ முகாம் இதற்கு உதவாது. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய் லட்சத்துக்கு ஆண்டுக்குச் சுமார் 4 என்று கொண்டால், 3000 குழந்தைகள் உள்ள ஊரில் 8 ஆண்டுக்கு ஒன்றுதான் வரும். அடுத்தடுத்து இரண்டு வந்தால் ஊரே கலங்கும். அது தற்செயலா என்று அந்த ஊர்க் கணக்கை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ஜெர்மனியில் 16 அணுமின் நிலையங்களின் 1980–2003 பதிவுகளைச் சேர்த்துப் பார்த்த பிறகே, 5 கி.மீ. சுற்றளவில் 5 வயதுக்குட்பட்டோரிடம் இந்நோய் கூடுதல் என்று 2007இல் தெரிந்தது. காரணம் கதிர்வீச்சுதான் என்று அந்த ஆய்வாலும் நிறுவ முடியவில்லை. ஆனால் பதிவேடு இல்லாதிருந்தால் அந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

பதிவு குடியிருக்கும் ஊரின்படி அமைய வேண்டும். எங்கள் பகுதி நோயாளிகள் நாகர்கோவிலுக்கும் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்துக்கும் போகிறார்கள். கேரள மருத்துவமனைகளிலிருந்து தகவல் பெறாவிட்டால் கணக்கு குறைந்தே காட்டும். கிராம சுகாதார செவிலியர் ஒவ்வொரு வீட்டிலும் குடியேறிய ஆண்டு, நிலையத்துக்குள் செய்த ஒப்பந்த வேலை, பீடித் தொழில், புகையிலைப் பழக்கம் ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். புற்றுநோய், தைராய்டு கோளாறு, இறந்து பிறத்தல், பிறவிக் குறைபாடு ஆகியவை 0–5, 5–16, 16–30 கி.மீ. என வட்டவாரியாகத் தொகுக்கப்பட வேண்டும்.

எங்கள் ஊர்க் கணக்கோடு ஒப்பிடும் ஊர்களைத் தேர்வதில்தான் பெரும்பாலும் பிழை நேரும். தென்கோடிக் கடற்கரை மணலில் தோரியம் என்ற கதிரியக்கத் தனிமம் கொண்ட மோனசைட் கனிமம் உண்டு. இயற்கைக் கதிர்வீச்சே சில இடங்களில் கூடுதல். எனவே கடலிலிருந்து விலகிய உட்பகுதி ஊர்களோடு ஒப்பிடக் கூடாது. அதே மணல், அதே மீன்பிடித் தொழில் உள்ள தொலைதூரக் கரையோர ஊர்களை எடுத்து, இரு பக்கமும் வீடுகளுக்குள் கதிர்வீச்சின் அளவைப் பதியும் டி.எல்.டி. வில்லைகளை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றி அளக்க வேண்டும். தைராய்டு ஸ்கேன் செய்வதானால் இரு பக்கமும் ஒரே மாதிரி செய்ய வேண்டும்; தேடினால் தீங்கற்ற கட்டிகளும் நிறையக் கிடைக்கும்.

ஆண்டுதோறும் முடிவுகளைக் கிராம சபையில் தமிழில் வைக்குமாறும், ஐந்துக்குக் குறைந்த எண்ணிக்கைகளை அண்டை ஊர்களோடு சேர்த்து வெளியிட்டு நோயாளியின் அடையாளத்தைக் காக்குமாறும், புதிய உலைகள் ஓடுமுன் முதல் கணக்கெடுப்பை முடிக்க ஆணையிடுமாறும் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
ஊர்ப் பொதுமக்கள்