சோலார் போர்டு லைட் செட் விக்கிறவங்களுக்கு, போர்டு செய்யிற ஒருத்தனோட திறந்த மடல்

பேனல், பேட்டரி, சார்ஜ் ஏறுறதையும் லைட் எரியிறதையும் பாத்துக்கிற கன்ட்ரோலர்னு சின்ன செட்டா செஞ்சு விக்கிற கம்பெனிக்காரங்களுக்கும், அத வாங்கிட்டு வந்து வெளிப்போர்டுக்கு மாட்டிக் குடுக்கிற எல்லாருக்கும் வணக்கம்.

நான் போர்டு செய்யிறவன். எழுத்து வெட்டி, ஃப்ரேம் அடிச்சு, உள்ள எல்இடி ஓட்டி, கம்பத்துல ஏத்தி நிறுத்துற வரைக்கும் என் வேலை. பக்கத்துல கரண்ட் லைன் இருந்தா அதுல சேர்த்துருவோம், இல்லாத இடத்துல உங்க செட்ட நம்பித்தான் இருக்கோம். லைன் இழுக்கிறதுன்னா ரோட்டத் தோண்டணும், அனுமதி வாங்கணும், அதுக்கு ஆகுற அலைச்சலும் செலவும் பாத்தா ஒரு சின்ன போர்டுக்கு சோலார்தான் சரியான வழின்னு நான் மனசார நம்புறவன். அதனாலதான் இத எழுதுறேன்.

ஒரு ராத்திரி கிளினிக்குக்கு போர்டு செஞ்சு குடுத்தேன். ரோடு வளையிற இடத்துல, மரத்தடியத் தாண்டி உள்ள தள்ளி இருக்கிற கட்டிடம், போர்டு எரியலன்னா அங்க ஒரு கிளினிக் இருக்குன்னே யாருக்கும் தெரியாது. எல்இடி 8 வாட். 20 வாட் பேனலும் 12 வோல்ட் 12 ஆம்பியர் அவர் லெட் ஆசிட் (ஈயத் தகடு) பேட்டரியும் இருக்கிற ஒரு செட்ட வாங்கினோம், பெட்டியில "ராத்திரி முழுக்க எரியும்"னு பெருசா போட்டிருந்துச்சு. முதல் ரெண்டு ராத்திரி எரிஞ்சுது. அப்புறம் விடியிறதுக்கு முன்னாடியே அணைய ஆரம்பிச்சுது. மழ மூடின ஒரு வாரத்துல பத்து மணிக்கே இருட்டு. அந்த வாரத்துல ஒரு அம்மா காய்ச்சல்ல துவண்டு கிடந்த கொழந்தைய மடியில போட்டுக்கிட்டு ரெண்டு தடவ அந்த வளைவத் தாண்டிப் போயிட்டு, கடைசியில யாரையோ எழுப்பிக் கேட்டு வந்து சேர்ந்தாங்களாம். டாக்டர் எனக்குத்தான் போன் பண்ணாரு. போர்டுல என் பேரு இருக்கு, உங்க பேரு இல்ல.

அன்னைக்கு உக்காந்து கணக்குப் போட்டேன். 8 வாட்ட 12 மணி நேரம் எரிச்சா 96 வாட் அவர். 20 வாட் பேனல் நல்ல வெயில்ல ஒரு நாளைக்கு நாலரை மணி நேரத்துக்கு சமமா முழு வெயில் வாங்குச்சுன்னு வச்சுக்கிட்டாலும் 90, அதுல கன்ட்ரோலர், வயர், தூசி, பேனல் சூடுன்னு கழிஞ்சது போக 60 சொச்சம்தான் கைக்கு வரும். எடுக்கிறது 96, போடுறது 60. 12 வோல்ட்டையும் 12 ஆம்பியர் அவரையும் பெருக்கினா பேட்டரி 144 வாட் அவர், அது நிறைஞ்சு கிளம்பினதால முதல் ரெண்டு ராத்திரி தள்ளிருச்சு, அதுக்கப்புறம் எப்படி எரியும்? மழ நாள்ல ரெண்டு மணி நேர வெயில்னா 40, அதே மாதிரி கழிஞ்சது போக 28 வாட் அவர், அதாவது மூணரை மணி நேர வெளிச்சம். சாயங்காலம் ஆறரைக்கு எரிஞ்சா பத்துக்கு அணையணும். அணைஞ்சுது. பழுதுன்னு எதுவுமே இல்ல, அந்த செட்டால முடிஞ்சது அவ்வளவுதான், அது பெட்டிய ஒட்டுறதுக்கு முன்னாடியே உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும்.

அதுக்கு மேல பேட்டரி கதை. லெட் ஆசிட்ட பாதிக்கு மேல காலி பண்ணக் கூடாது, காலியா வச்சே விட்டாலும் தகட்டுல சல்ஃபேட் படிஞ்சு கெட்டியாகி திரும்ப சார்ஜ் ஏறாம போயிரும். தினமும் அடி வரைக்கும் உறிஞ்சி, பாதி வயித்தோட அடுத்த ராத்திரிக்கு அனுப்பினா எந்த பேட்டரி தாங்கும் சொல்லுங்க. இதுல வெயில் காயிற தகரப் பெட்டிக்குள்ள அத வைக்கிறீங்க, சூடு 10 டிகிரி ஏறினா லெட் ஆசிட்டோட ஆயுசு ஏறக்குறைய பாதியாகும்னு பேட்டரிக்காரங்களே சொல்றாங்க. கம்பத்தோட நிழல் பக்கத்துல, காத்தோட்டமா வைக்கிறதுக்கு ஒரு கிளாம்ப் சேர்த்துக் குடுத்தா என்ன?

டெக்னாலஜி பத்தலன்னு யாரும் சொல்ல முடியாது. 1954 ஏப்ரல்ல அமெரிக்காவுல பெல் லேப்ஸ்ங்கிற ஆராய்ச்சிக்கூடம் சிலிக்கான் சோலார் செல்ல உலகத்துக்குக் காட்டினப்போ விழுற வெயில்ல 6 சதவீதம்தான் கரண்டா மாறுச்சு, இன்னைக்கு சாதாரணமா கிடைக்கிற பேனலே 20 சதவீதத்தத் தாண்டிருச்சு. எல்இடி ஒரு வாட்டுக்கு 100 லூமனுக்கு (லூமன்ங்கிறது வெளிச்சத்தோட அளவு) மேல குடுக்குது. எல்லாம் கையில இருக்கு, கணக்கு மட்டும் இல்ல.

நான் கேக்கிறது பெரிய விஷயம் இல்லங்க. பெட்டி மேல ஒரு வரி போடுங்க: வருசத்துலயே வெயில் கம்மியான மாசத்துல இந்த செட் ஒரு ராத்திரிக்கு எத்தன வாட் அவர் குடுக்கும், வெயிலே இல்லாம எத்தன ராத்திரி தாங்கும். அவ்வளவுதான். பேனல்ல எழுதியிருக்கிற வாட் லேபுல செல் 25 டிகிரியில இருக்கும்போது சதுர மீட்டருக்கு 1000 வாட் வெளிச்சம் போட்டு அளந்தது, கம்பத்து மேல வெயில்ல செல் 60 டிகிரி வரைக்கும் கூட போகும், அப்ப பத்துல ஒரு பங்குக்கு மேல அங்கேயே போயிரும், இத வாங்குறவங்க எங்க போய்த் தெரிஞ்சுக்குவாங்க. வெயில் கம்மியான மாசம்னு நான் அழுத்திச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. பூமத்திய ரேகைக்குப் பக்கத்துல மழக்காலம் உதைக்கும், தள்ளிப் போகப் போக குளிர்காலம் ரெண்டு பக்கமும் உதைக்கும், லண்டன் மாதிரி ஊர்ல டிசம்பர் கடைசியில பகல் கிட்டத்தட்ட 8 மணி நேரம்தான், அந்த 8 மணி நேர மங்கல் வெயில வச்சு 16 மணி நேர ராத்திரிய ஓட்டணும். ஒரே செட்ட ரெண்டு இடத்துக்கும் ஒரே வாக்குறுதியோட அனுப்புறது நியாயமே இல்ல.

அடுத்து, பேனலயும் லைட்டயும் ஒரே துண்டா ஒட்டி விக்கிறீங்க பாருங்க, அது போர்டுக்கு சுத்தமா ஒத்து வராது. போர்டு ரோட்டப் பாக்கணும். பேனல் வெயிலப் பாக்கணும், வட கோளத்துல தெக்க, தென் கோளத்துல வடக்க. ரோடு எல்லா ஊர்லயும் சூரியனப் பாத்தா போகுது? தனியா திருப்பி சாய்க்கிற மாதிரி ஒரு பிராக்கெட்டும் 5 மீட்டர் வயரும் குடுங்க. நிழல் விஷயமும் அப்படித்தான். செல்லெல்லாம் வரிசையா கோத்திருக்கு, ஒரு செல் மேல போர்டோட விளிம்பு நிழல் விழுந்தாக்கூட அந்த வரிசை முழுக்க கரண்ட் சுருங்கிரும், நிழல் பட்ட பகுதிய விட்டு கரண்ட்ட சுத்தி அனுப்புற பைபாஸ் டையோடு இருந்தாலும் சின்ன பேனல்ல பாதி போன மாதிரிதான். மாட்டுறவங்க காலையில வந்து மாட்டிட்டுப் போயிருறாங்க, மூணு மணிக்கு நிழல் எங்க விழுதுன்னு ஒரு நாள் நின்னு பாருங்க தயவுசெஞ்சு. இன்னொண்ணு, நிறைய கன்ட்ரோலர் பேனல்ல வோல்டேஜ் விழுந்தாத்தான் இருட்டாயிருச்சுன்னு புரிஞ்சுக்கும், பக்கத்துத் தெருவிளக்கோ போர்டு லைட்டோ பேனல் மேல அடிச்சா அது பகல்னு நினைச்சு எரியாமலே இருக்கும், இல்லன்னா விட்டு விட்டு எரியும். இதுக்காக நான் மூணு கன்ட்ரோலர மாத்தியிருக்கேன், மூணும் நல்ல கன்ட்ரோலர்.

இன்வெர்ட்டர் வேண்டவே வேண்டாம். 12 வோல்ட் ஸ்ட்ரிப்பே இருக்கும்போது 12 வோல்ட்ட வீட்டுக் கரண்டா மாத்தி திரும்ப அடாப்டர் வழியா இறக்குறதுல, சும்மா இருக்கும்போதே அந்த இன்வெர்ட்டர் குடிக்கிற கரண்ட்டு சின்ன போர்டோட கரண்ட்டுக்கு சமமாயிரும்.

எங்க தொழில்காரங்களும் திருந்த வேண்டியது இருக்கு, அத மறைக்க மாட்டேன். முழு வெள்ளைப் பலகைய பின்னால இருந்து எரிச்சு அதுல கறுப்பு எழுத்து வைக்கிறோம், அதுக்குப் பதிலா பலகைய அடர்த்தியான நிறத்துல விட்டு எழுத்த மட்டும் எரிய விட்டா ரொம்ப கம்மி வாட்லயே தூரத்துல இருந்து படிக்கலாம். வண்டி ஹெட்லைட்ல மட்டும் தெரிஞ்சாப் போதும்ங்கிற வழிகாட்டிப் போர்டுக்கு ரிஃப்ளெக்டிவ் ஷீட்டே போதும், பேட்டரியே தேவையில்ல, அந்த ஆளுக்கு சோலார் செட் விக்காதீங்க, நானும் விக்க மாட்டேன்.

அந்த கிளினிக் போர்டுக்கு அப்புறம் என்ன பண்ணேன்னு சொல்லிடறேன். முதல் ஆறு மணி நேரம் 8 வாட், அடுத்த ஆறு மணி நேரம் 4 வாட்டா இறங்குற டிம்மர் போட்டேன், சுத்தி இருட்டா இருக்கிறதால பாதியா குறைஞ்சதே கண்ணுக்குப் பெருசா தெரியல. ராத்திரிக்கு 72 வாட் அவர். மூணு மணி நேர வெயில வச்சுக் கணக்குப் போட்டு 40 வாட் பேனல், மூணு ராத்திரி வெயில் இல்லாம தாங்குற மாதிரி 24 ஆம்பியர் அவர் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி, பேட்டரி முனையிலேயே ஒரு ஃபியூஸ், தண்ணி வயரோட உள்ள இறங்காம இருக்க பெட்டிக்குள்ள நுழையிற இடத்துல வயர கீழ ஒரு வளைவு விட்டு மேல ஏத்தியிருக்கேன். அதுக்கப்புறம் ஒரு முழு மழக்காலம் போயிருச்சு, டாக்டர் போன் பண்ணல.

பெட்டி மூடியோட உள்பக்கம் நீங்க அச்சடிக்காத அந்த வரிய நானே மார்க்கர்ல எழுதி வச்சிருக்கேன். "ஒரு ராத்திரிக்கு 72. வெயில் இல்லாம 3 ராத்திரி." நாளைக்கு நான் இல்லாம வேற ஒருத்தர் அத ரிப்பேருக்குத் திறந்தாலும் அவருக்குத் தெரியணும்ல.