மேம்பாலத்துக்குக் கீழே சாக்ஸபோன்

பெரம்பூர்,
ஞாயிறு காலை

அன்பு மச்சான்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. தங்கச்சிக்கு முட்டி வலி குறைந்திருக்கிறது என்று படித்த பிறகுதான் நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். பேரன் சாக்ஸபோன் எந்த அளவில் இருக்கிறது என்று கேட்டிருந்தாய். அதைத்தான் விவரமாக எழுத உட்கார்ந்தேன்.

அவனுக்குப் பதினேழு முடிந்துவிட்டது. சனிக்கிழமைதோறும் 29சி பஸ் பிடித்து அடையாறுக்கு வாத்தியாரிடம் போய் வருகிறான். முதல் ஆறு மாதம் அவர் ஒரு பாட்டுகூடச் சொல்லித் தரவில்லை. ஒரே சுரம், ஒரே மூச்சு, நடுங்காமல் நீட்டிப் பிடிக்க வேண்டும். நம் மாஸ்டர் கிளாரினெட்டைக் கையில் கொடுத்துச் சுவரைப் பார்த்து ஊதச் சொன்னாரே, அதே பாடம்தான். அவன் கற்றுக்கொள்ளும் ஜாஸ் என்ற அமெரிக்க இசைக்கு விரல் வேகம்தான் முக்கியம் என்று நினைத்திருந்தேன். முதலில் வர வேண்டியது நாதம் என்று அவன்தான் எனக்குப் புரிய வைத்தான்.

வீட்டில் ஊத முடியவில்லை. பக்கத்துப் போர்ஷனில் கைக்குழந்தை. அவன் என்ன செய்தான் தெரியுமா? அம்மாவின் பீரோவைத் திறந்து, தொங்குகிற புடவைகளுக்குள் சாக்ஸின் வாயை நுழைத்துக்கொண்டு ஊதுகிறான். துளைகள் வழியாகச் சத்தம் வரத்தான் செய்கிறது, ஆனாலும் பெரும்பகுதியைத் துணி குடித்துவிடுகிறது. எதிரொலி இல்லாததால் நாக்கு தட்டும் பிசிறும், மூச்சு தீரும்போது சுரம் இறங்குவதும் அப்பட்டமாகக் கேட்கும். நாப்தலின் வாசனையோடு ஒரு மணி நேரம் அப்படியே நிற்பான்.

ஜாஸ் சாக்ஸபோன் மேதை சன்னி ரோலின்ஸ் கதையை அவன் சொன்னபோது எனக்குச் சிலிர்த்தது. நியூயார்க்கில் பெரிய பெயர் வாங்கிய பிறகும், தன் வாசிப்பு போதாது என்று 1959இல் மேடையை விட்டே விலகிவிட்டார். பக்கத்து வீட்டில் ஒரு கர்ப்பிணிப் பெண், அவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று வில்லியம்ஸ்பர்க் பாலத்துக்குப் போய், மழையோ பனியோ, மணிக்கணக்காக ஊதினாராம். 1961இல்தான் மேடைக்குத் திரும்பினார். இதைக் கேட்ட பிறகுதான் பையனை விடியற்காலையில் நம் பெரம்பூர் மேம்பாலத்துக்குக் கீழே கூட்டிப் போக ஆரம்பித்தேன். தூணில் பட்டு நாதம் திரும்பி வரும்போது அவன் முகத்தை நீ பார்க்க வேண்டும்.

நடுவில் ஒரு சறுக்கலும் நடந்தது. போன மாதம் ஒரு ஓட்டலில் பெரியவர்களோடு சேர்ந்து வாசிக்கக் கூப்பிட்டிருந்தார்கள். பன்னிரண்டு பார் ப்ளூஸ், அதாவது நாலு தட்டு ஒரு பார், பன்னிரண்டு பார் ஒரு சுற்று, அது திரும்பத் திரும்ப வரும். நடுவில் கணக்குத் தவறி, எந்த பாரில் இருக்கிறோம் என்றே தெரியாமல் நின்றுவிட்டான். வீட்டுக்கு வந்து சாப்பிடவே இல்லை. அன்று ராத்திரி இன்னொரு சாக்ஸபோன் மேதை சார்லி பார்க்கரைப் பற்றி அவனே எனக்குச் சொன்னதை அவனுக்கே திருப்பிச் சொன்னேன். 1936இல், விடலைப் பையனாக, கான்சாஸ் சிட்டி கிளப்பில் பார்க்கர் தடுமாறியபோது டிரம்மர் ஜோ ஜோன்ஸ் சிம்பலைக் கழற்றித் தரையில் எறிந்தார். அடுத்த கோடையில் சாக்ஸபோன்காரர் லெஸ்டர் யங்கின் இசைத்தட்டுகளை எடுத்துக்கொண்டு மலைப்பக்கம் போய், அவர் தனியாக வாசித்த ஒவ்வொரு சோலோவாகக் காதால் கேட்டுக் கற்றுக்கொண்டு திரும்பினார் பார்க்கர்.

இப்போது பேரனும் அதைத்தான் செய்கிறான். ஒரு சோலோவைப் போனில் பாதி வேகத்தில் ஓடவிட்டு, ஒரு நாளைக்கு நாலு பார். முதலில் வாயால் பாட வேண்டும், அப்புறம்தான் ஊதலாம். காகிதத்தில் இரண்டு அரைத்தட்டும் சமமாகத்தான் எழுதியிருக்கும். ஊதும்போது முதலாவது சற்று நீளும், இரண்டாவது சுருங்கும், வேகம் கூடக் கூட அந்த வித்தியாசம் குறையும். இதை எந்த நொட்டேஷனும் சொல்லித் தராது மச்சான். லூர்து மாதா கோவில் தேர்பவனியில் நாம் நடந்துகொண்டே ஊதும்போது டிரம்காரர் கையைப் பார்த்துத்தானே கற்றுக்கொண்டோம்?

அதனால் எனக்கும் ஒரு வேலை கிடைத்திருக்கிறது. அவன் ஊத, ஒவ்வொரு பாரிலும் இரண்டாவது, நாலாவது தட்டில் நான் கை தட்டுகிறேன். அவனுடைய ஆல்ட்டோ வகை சாக்ஸில் டி என்ற சுரத்தை ஊதினால் பியானோவில் அது எஃப். இந்தக் கணக்கெல்லாம் எனக்கும் பழகிவிட்டது. நேற்று பன்னிரண்டு பாரை ஏழு சுற்று தொடர்ந்து போனான், ஒரு இடத்திலும் தவறவில்லை. எட்டாவது சுற்றில், வாயில் வைத்து ஊதும் நாணல் பட்டையான ரீட் தண்ணீர் குடித்து ஊறிப்போய்க் கீச்சிட்டது. நம் ஊர்ப் புழுக்கத்தில் பத்து ரீட் வாங்கினால் மூன்று நாலுதான் உருப்படியாகப் பேசுகிறது.

பொங்கலுக்கு வரும்போது உன் ட்ரம்பெட்டையும் எடுத்துக்கொண்டு வா. உதடு பழக்கம் விட்டுப்போயிருந்தால் இன்றைக்கே நீளச் சுரத்திலிருந்து தொடங்கு. பையன் உன்னோடு சேர்ந்து எஃப் சுருதியில் ப்ளூஸ் வாசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான். விடியற்காலை ஐந்தரைக்குப் பாலத்துக்குக் கீழே போய்விடலாம்.

தங்கச்சிக்கு என் அன்பைச் சொல்.

உன் மச்சான்