கிணத்துத் தண்ணியும் அந்த அஞ்சு மெயிலும்

அன்புக் கண்ணுக்கு,

ஒரத்துப்பாளையத்துல இருந்து அப்பா எழுதறது. நேத்துப் பொழுதோட நீ போன்ல பேசினதுல இருந்து மனசு அங்கயேதான் கிடக்குது. பிஎச்டிக்கு இடம் கேட்டு அறுபது பேராசிரியருக்கு மெயில் போட்டும் ஒருத்தர்கூட பதில் போடலைன்னு சொன்னயே.

24 வருசம் காலேஜ் கெமிஸ்ட்ரி லேபுல வேலை பாத்தவன் நான். பிஎச்டி புள்ளைங்க எத்தனையோ பேருக்கு பியூரெட் கழுவிக் குடுத்திருக்கேன். அதனால கேக்கறேன்: அறுபது பேருக்கும் ஒரே மெயிலைத்தானே அனுப்பினே? அந்த மாதிரி வர்றதை எங்க சார் முதல் வரியோட மூடிருவாரு. அஞ்சே அஞ்சு பேரை எடு. அவங்க கடைசியா எழுதின ரெண்டு மூணு கட்டுரையைப் படி. எந்த இடத்துல உனக்குக் கேள்வி வந்துச்சு, எம்டெக்ல நீ பண்ணின மெம்பிரேன் வேலை, அதான் தண்ணியை வடிகட்டற சவ்வு, அங்க எப்படி உதவும், இதை நாலு வரியில எழுது.

கேள்விக்கு நீ வெளிய போய் அலைய வேண்டியதில்லை கண்ணு. 1992ல நொய்யல் மேல நம்மூர் அணை வந்தப்போ பாசனம் பெருகும்னுதான் ஊரே நம்புச்சு. வந்து தேங்கினது திருப்பூர் சாயத்தண்ணி. கிணறெல்லாம் உப்பாச்சு, உங்க அப்பாரு, என்னைப் பெத்தவரு, வெச்ச தென்னை கண்ணு முன்னாடி காஞ்சுது. 2011ல ஐகோர்ட்டு சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உத்தரவு போட்டுது. இப்ப தண்ணியைச் சுத்தம் பண்ணித் திரும்ப எடுத்தாலும், கடைசியில மிஞ்சற கலப்பு உப்பு மூட்டை மூட்டையாக் குவியுதுன்னு நீதானே எனக்கு விளக்கினே? அதை முதல் வரியில வெய்யி. அந்தக் கேள்விக்குள்ளயே பொறந்து வளந்தவ நீ.

இடம் கிடைக்குதேன்னு யார்கிட்டயும் சேந்துராதே. எங்க லேபுல ஒரு புள்ளை எழுதிக் குடுத்த ஆய்வேட்டை கைடு ஒரு வருசம் திறந்தே பாக்கலை. ஏழாவது வருசம் அது எல்லாத்தையும் விட்டுட்டு ஊருக்குப் போச்சு. அது அழுததை நான் இன்னும் மறக்கலை. அதனால அந்த லேபுல முன்னாடி படிச்ச ரெண்டு பேர்கிட்டயாவது பேசோணும். எத்தனை வருசத்துல முடிச்சாங்க, கைடு வாரம் ஒருக்காவாவது உக்காந்து பேசுவாரா, கட்டுரையில படிச்ச புள்ளைங்க பேரு முதல்ல வந்துச்சா, எல்லாம் கேளு.

காசைப் பத்திக் கவலை வேண்டாம். நெட் பரீட்சை எழுதி ஜேஆர்எஃப்ங்கற ஆராய்ச்சி உதவித்தொகை வந்தா முதல் ரெண்டு வருசம் மாசம் 37,000, அப்புறம் 42,000. உன் கேட் பரீட்சை மார்க்கும் மூணு வருசம் செல்லும். ஜெர்மனி, நெதர்லாந்துல பிஎச்டிங்கறதே சம்பள வேலை, வருசம் பூரா விளம்பரம் வரும். ஜெர்மனியில முழுச் சம்பளமா முக்கால் சம்பளமான்னு மட்டும் பாத்துக்க. அமெரிக்காவுக்குப் பெரும்பாலும் டிசம்பர்லயே விண்ணப்பம் முடிஞ்சிரும், அதை முதல்ல கவனி. ரெண்டு லட்சம் குடுத்தா ஏஜென்ட் இடம் வாங்கித் தருவான்னு நம்ம ஒரம்பரைல ஒருத்தர் வந்து சொன்னாரு. இடத்துக்குக் காசு கேக்கறவன் யாரா இருந்தாலும் வேண்டாம்னு அப்பவே அனுப்பிட்டேன்.

அஞ்சு மெயிலும் எழுதினதும் எனக்குப் படிச்சுக் காட்டு. பாதி புரியாட்டியும் கேக்கறேன். பொங்கலுக்கு வர்றப்போ உப்பு அளக்கற அந்தக் கருவியை மறக்காம எடுத்துட்டு வா. மேக்காலக் கிணத்துல இந்த மழைக்குத் தண்ணி ஏறியிருக்குது. நான் வாயில விட்டுப் பாத்தேன், போன வருசத்தைவிடக் கொஞ்சம் தேவலைன்னு தோணுது.

அப்பா