நாய் வளர்ப்பவர்கள் கவனத்துக்கு

இன்று காலை காவிரியில் குளிக்கப் போன நம் தெருப் பெரியவர் படித்துறையில் எதை மிதித்தார் என்று சொல்லத் தேவையில்லை. தெருநாய் வேலை என்று தப்பிக்காதீர்கள், கழுத்துப்பட்டையோடு வருகிற நாய்களைத்தான் தினமும் பார்க்கிறேன் (எங்கள் வீட்டு நாயும் அதில் உண்டு).

நாற்றம் மட்டும் என்றால் சரி, பொறுத்துக்கொள்ளலாம். நாய்க்கழிவில் வரும் கொக்கிப்புழு முட்டை ஈர மண்ணில் பொரிந்து, அதிலிருந்து வரும் குட்டிப்புழு வெறுங்காலோடு நடப்பவர்களின் தோலுக்குள் புகுந்து, வளைந்து வளைந்து தடிப்பும் அரிப்பும் உண்டாக்கும். நம் ஆற்றங்கரை மண்ணோ காயவே காயாது, ஆடி 18 அன்று ஊரே காப்பரிசியும் கையுமாக வெறுங்காலோடு அங்கேதான் இறங்கும்.

கிளம்பும்போது பழைய செய்தித்தாளும் ஒரு பையும் எடுத்துக்கொள்ளுங்கள். அள்ளியதை வாய்க்காலில் தள்ளாதீர்கள், அது வயலுக்குப் போகிற தண்ணீர். அப்புறம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை நாய்க்குக் குடற்புழு மருந்தும் கொடுத்துவிடுங்கள்.