ரோபோ வெல்டிங் சரி, சோதனை அறிக்கை எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வெளிநாட்டு டிராக்டர் தொழிற்சாலைகளைப் பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் பிரமாதம். ரோபோ கை வெல்டிங் வைப்பதும், ஒவ்வொரு போல்ட்டும் எவ்வளவு இறுக்கத்தில் நின்றது என்று கம்ப்யூட்டர் பதிந்து வைப்பதும் பார்க்க ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் இதனால்தான் அந்த டிராக்டர்கள் பாதுகாப்பானவை என்கிற மாதிரி கட்டுரை முடிந்ததே, அதைத்தான் ஏற்க முடியவில்லை.

வரைபடத்தில் இருப்பதைப் பிசகாமல் செய்து முடிப்பது தரம். வரைபடத்திலேயே ரோல் பார், அதாவது வண்டி கவிழ்ந்தாலும் ஓட்டுபவர் நசுங்காமல் காக்கும் இரும்புச் சட்டம், இல்லையென்றால், எவ்வளவு நல்ல தொழிற்சாலையாக இருந்தாலும் ஆளைக் கொல்லக்கூடிய டிராக்டரைத்தான் துளி குறையில்லாமல் செய்து அனுப்பும். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பல பத்தாண்டுகள் அப்படித்தான் நடந்தது. முன்பக்கம் தூக்கிப் பின்னால் கவிழ ஆரம்பித்த டிராக்டரில் ஓட்டுபவருக்குக் கிடைப்பது ஏறக்குறைய முக்கால் நொடி, அதற்குள் கிளட்ச்சை மிதிக்காவிட்டால் அப்புறம் எந்தத் திறமையும் உதவாது.

ஸ்வீடன்காரர்கள் 1959-லேயே புது டிராக்டர்களுக்கு ரோல் பாரைக் கட்டாயமாக்கினார்கள், பின்னாளில் பழைய வண்டிகளையும் விடவில்லை. 1957-இல் அங்கே லட்சம் டிராக்டருக்கு ஆண்டுக்கு 17 பேர் கவிழ்ந்து செத்தார்கள். 1990-இல் அது 0.3. ஓட்டுபவர்கள் திடீரென்று புத்திசாலிகள் ஆகிவிடவில்லை, கவிழ்ந்த வண்டி அவர்கள் மேல் விழவில்லை, அவ்வளவுதான். அமெரிக்காவில் 1976 அக்டோபர் 25-க்குப் பிறகு தயாரான டிராக்டர்களுக்குத்தான் விதி வந்தது, அதுவும் கூலிக்கு ஆள் வைத்து ஓட்டும் பண்ணைகளுக்கு. சொந்தக் குடும்பமே ஓட்டும் பண்ணை அதற்குள் வராது. அதனால் ரோல் பார் இல்லாத பழைய வண்டிகள் நெடுங்காலம் ஓடிக்கொண்டே இருந்தன, நியூயார்க் மாநிலம் 2006-இல் ரோல் பார் மாட்டும் செலவில் பெரும்பங்கைத் திருப்பிக் கொடுக்கும் திட்டம் கொண்டு வரும் அளவுக்கு.

ரோல் பார் என்றால் இரண்டு குழாயை வளைத்து வெல்டு வைப்பது என்று நினைத்துவிடக் கூடாது. ஓஇசிடி என்ற பன்னாட்டுப் பொருளாதார அமைப்பின் சோதனை முறையில் அதைப் பின்னாலிருந்தும் பக்கவாட்டிலும் ஹைட்ராலிக் ஜாக்கால் தள்ளுகிறார்கள், மேலிருந்து டிராக்டர் எடையைப் போல் சுமார் இரண்டு மடங்கு விசையால் அழுத்துகிறார்கள். இரும்பு வளையலாம், சொல்லப்போனால் வளைந்துதான் அடியை வாங்க வேண்டும், ஆனால் ஓட்டுபவர் உட்காரும் இடத்துக்குள் எதுவும் புகுந்துவிடக் கூடாது. அதனால்தான் ஒருமுறை கவிழ்ந்து வளைந்த ரோல் பாரை நிமிர்த்தி வெல்டு வைத்து மறுபடி மாட்டக் கூடாது என்கிறார்கள், சோதனையில் தேறியது அப்படி வளைந்து நிமிர்த்திய இரும்பு இல்லையே. சீட் பெல்ட் போடாதவருக்கு ரோல் பாரும் முழுசாக உதவாது, தூக்கி வெளியே எறிந்துவிடும்.

சோதனையை யார் செய்கிறார்கள் என்பதுதான் கட்டுரையில் வராத விஷயம். நெப்ராஸ்கா மாநிலத்தில் வில்மட் குரோசியர் என்ற விவசாயி ஃபோர்டு என்ற பெயரை நம்பி ஒரு டிராக்டர் வாங்கினார். அது ஹென்றி ஃபோர்டு செய்தது இல்லை, மினியாபொலிஸில் யாரோ அந்தப் பெயரை வைத்து நடத்திய கம்பெனியின் சரக்கு. வண்டி வேலைக்கு ஆகவில்லை. மனிதர் மாநில சட்டமன்ற உறுப்பினராகி, பல்கலைக்கழகத்தில் சோதித்துத் தேறாத மாடலை மாநிலத்தில் விற்கக் கூடாது என்று 1919-இல் சட்டமே கொண்டு வரச் செய்தார். அடுத்த ஆண்டு முதலாவதாகச் சோதனையை முடித்தது வாட்டர்லூ பாய் என்ற டிராக்டர். அந்தச் சட்டத்தில் எனக்குப் பிடித்த இரண்டு இடங்கள்: உதிரி பாகங்களை மாநிலத்துக்குள்ளேயே போதுமான அளவு வைத்திருக்க வேண்டும், சோதனை முடிவை விளம்பரத்தில் போடுவதானால் முழுசாகப் போட வேண்டும், இனிப்பான வரியை மட்டும் பொறுக்கக் கூடாது. இன்றைக்கு விளம்பரம் எழுதுகிறவர்களுக்கு இரண்டாவதைப் படித்துக் காட்டலாம்.

இன்னொன்று, ஒரே கம்பெனி நாட்டுக்கு நாடு வேறு மாடல் செய்கிறது. ஜப்பான் சந்தைக்கென்று செய்த, அங்கே ஓடி முடித்த குபோட்டா என்ற ஜப்பான் கம்பெனியின் டிராக்டர்களைச் சிலர் வாங்கி அமெரிக்காவில் விற்றபோது குபோட்டாவே வழக்குக்குப் போனது. எச்சரிக்கை வாசகங்கள் எல்லாம் ஜப்பானிய மொழியில், அமெரிக்க டீலரிடம் பல பாகங்கள் கிடையாது. அமெரிக்க மாடலும் இதுவும் கணிசமாக வேறுபட்டவை என்று 1999-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் ஒத்துக்கொண்டு இறக்குமதித் தடையை உறுதி செய்தது. கம்பெனிக்குத் தன் வியாபாரக் கவலையும் இருந்திருக்கும், அது வேறு கதை. ஆனால் 'ஜப்பான் தயாரிப்பு' என்ற பெருமையை மட்டும் நம்பி வாங்கியவருக்கு எது கிடைக்கவில்லை என்று பாருங்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2016 முதல் 167/2013 என்ற ஒழுங்குமுறைப்படிதான் புது மாடல்களுக்கு ஒப்புதல். ரோல் பார், பிரேக், டிராக்டர் இன்ஜினின் சக்தியைப் பின்னால் மாட்டும் கருவிக்குக் கொடுக்கும், நிமிடத்துக்கு 540 சுற்று சுழலும் பி.டி.ஓ. ஷாஃப்ட்டின் மூடி, எல்லாம் அதில் வரும். அந்த மூடி பார்க்க ஒரு சாதாரண உறைதான். நொடிக்கு 9 சுற்று சுழலும் ஷாஃப்ட்டில் சட்டை நுனி மாட்டினால் கையை இழுக்க நேரம் இருக்காது.

அடுத்த முறை உங்கள் நிருபர் இப்படி ஒரு தொழிற்சாலைக்குப் போனால் மூன்று கேள்விகள் கேட்டு எழுதட்டும். இந்த மாடல் எந்தச் சந்தைக்குப் போகிறது, ரோல் பாரை எந்தச் சோதனை நிலையம் எந்த ஆண்டில் சோதித்தது, மற்ற நாட்டுக்கு அனுப்பும்போது எந்தெந்தப் பாகத்தைக் கழற்றிவிட்டு அனுப்புகிறார்கள். கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்ல மறுத்தால் மறுத்தார்கள் என்றே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்